பக்கம்

அலுவலகச் சுவரில் ஒரு திரை இருந்தது.
அதில் ஓர் எண்.
காலையில் வந்து கோட்டைக் கழற்றும் முன்பே
அதைத்தான் அண்ணாந்து பார்ப்போம்.
பூடோவில் டிசம்பர் மாதம்
வேறெதுவும் உதிப்பதில்லை.

செய்தியை ஏழாக நறுக்கும் கத்தி
என்னிடம் இருந்தது. நான் எழுதிய நிரல்.
படகு நேரம் மாறினால்
முதல் பக்கத்தில் படகின் படம்,
இரண்டாவதில் துறைமுகத்தின் வரலாறு,
மூன்றாவதில் கேப்டனின் நாய்,
நான்கிலும் ஐந்திலும் மெத்தை விளம்பரம்,
ஆறாவதில் ‘அடுத்து’ என்ற பொத்தான் மட்டும்.
ஏழாவதின் கடைசி வரியில்
நேரம்.

ஒருவர் வந்தால் ஏழு என்று கணக்கு.
எண் லட்சத்தைத் தொட்ட அன்று
ஹால்கெய்ர் கேக் வாங்கி வந்தார்.
பெரிய துண்டு எனக்கு.

குன்வோர் தண்ணீர்க் குழாய் வேலை செய்பவள்.
தீவுப் பள்ளியில் குழாய் உறைந்து வெடித்த இரவு
வேனுக்குள் உட்கார்ந்து
பல்லால் கையுறையைக் கழற்றினாள்.
மைனஸ் பதினொன்று.
‘அடுத்து’ என்று கட்டைவிரல் இறங்கும் நொடியில்
விளம்பரம் ஒன்று மேலிருந்து குதித்து
பொத்தானைக் கீழே தள்ளியது.
விரல் மெத்தையில் விழுந்தது.
திரும்பி வந்தாள். மறுபடி நாய்.
மறுபடி மெத்தை.
ஐந்தாவது பக்கத்தில் சிக்னல் போனது.
துறைக்கே ஓட்டிப் போய்ப் பார்த்தாள்:
படகு இல்லை. மாலை நான்கு மணிக்கே ரத்து.

எங்கள் பதிவேட்டில் அன்றிரவு
அவள் பெயரில்லாத ஒரு பச்சைப் புள்ளி.
பதினொரு பார்வை, ஒன்பது நிமிடம்.
‘தீவிர வாசகர்’ என்று
நான் எழுதிய நிரலே அவளுக்குப் பட்டம் கொடுத்தது.

மறுநாள் பூட்ஸோடு நேராக உள்ளே வந்தாள்.
கத்தவில்லை. சுவரில் எண்ணைப் பார்த்தாள்,
அது என்ன என்று கேட்டாள்.
சொன்னேன்.
“ஒழுகுற குழாயிலயும் மீட்டர் ஓடும்” என்றாள்.
அவ்வளவுதான்.
தரையில் பனி உருகிய இரண்டு குளங்களை விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் மொழியில் எண் என்றாலும் எண்ணு என்றாலும்
வேர் ஒன்றே என்று யாராவது சொன்னால் நம்பியிருக்க மாட்டேன்,
அத்தனை நாள் எண்ணாமல் எண்ணியிருந்தேன்.
பக்கம் பக்கமாக வெட்டினேன்,
யார் பக்கம் என்று கேட்காமல்.

ஏழையும் ஒன்றாக்கினேன்.
மேலே ஒரே வரி: இன்றிரவு 9.40 படகு கிடையாது.
குதிக்கிற விளம்பரத்துக்கு
முன்கூட்டியே ஓர் இடம் ஒதுக்கிக் கட்டிப்போட்டேன்.
நாயைக் கேப்டனிடமே திருப்பி அனுப்பினேன்.

எண் விழுந்தது. ஒரே வாரத்தில்
ஆறில் ஒரு பங்கு.
ஹால்கெய்ர் என்னிடம் பேசவில்லை.
விளம்பரப் பிரிவு சுன்னிவாதான் வாயைத் திறந்தாள்:
வழுக்கி விழுந்த விரல்களுக்கு
மெத்தைக்காரர் இனிமேல் காசு தர மாட்டாராம்.
எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்றுதான் கேட்கிறாராம்.
தேடுபொறியும் மெதுவான பக்கத்தை
அடித்தட்டுக்குத் தள்ளுகிறதாம்.

ஆகவே இதை அறம் என்று
யாரும் மாலை போட வேண்டாம்.
கணக்கு மாறியது, நாங்களும் மாறினோம்.
என் காதில் மட்டும் ஒரு மீட்டர்
கொஞ்ச நாள் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது விடியற்காலை 5.12க்கு
தீவிலிருந்து ஒருவர் வருகிறார்.
ஒரு பக்கம். நான்கு நொடி. போய்விடுகிறார்.
பழைய கணக்கில் இது நஷ்டம்.
அவர் யார், குன்வோரா, தெரியாது.
தெரிந்துகொள்ளும் வசதி என் நிரலில் இருந்தது,
அதையும் எடுத்துவிட்டேன்.

சுவர்த் திரை உணவகத்துக்குப் போய்விட்டது.
பழக்கதோஷம், இன்னமும்
தட்டோடு நின்று அண்ணாந்து பார்க்கிறேன்,
ஏறியிருக்கிறதா என்று.

வியாழக்கிழமை: மீன் உருண்டை.